கையில் ஒரு போன், எதிரே 40 பிள்ளைகள்: வகுப்பறைத் தொழில்நுட்பத்தை எங்கிருந்து தொடங்குவது?

ப்ரொஜெக்டர் வைத்து நான் எடுத்த முதல் வகுப்பு 40 நிமிடப் பாடவேளை. அதில் 25 நிமிடம் வயரோடு போயிற்று. லேப்டாப்பில் படம் தெரிகிறது, சுவரில் நீலம் மட்டும். கேபிளைக் கழற்றி மாட்டினேன், அணைத்துப் போட்டேன், பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டேன். கடைசியில் ஒரு பையன் எழுந்து, "சார், அந்த ஃபங்ஷன் கீயைப் புடிச்சுக்கிட்டு எஃப்-எட்டோ என்னமோ அமுக்கணும் சார்" என்றான். அமுக்கியதும் படம் வந்துவிட்டது. மிச்சமிருந்த நேரத்தில் நான் காட்டியது, கரும்பலகையில் 5 நிமிடத்தில் வரைந்திருக்கக்கூடிய ஒரு கண்.

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். எந்தக் கருவியாக இருந்தாலும் வகுப்புக்குள் அதைத் தயார் செய்ய 3 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. ஆகிவிட்டால், அது எனக்கு இன்னும் பழகவில்லை என்று பொருள். வீட்டில் பழகிக்கொண்டு பிறகுதான் கொண்டுபோவேன்.

இந்தக் கட்டுரை, "நானும் ஏதாவது செய்யணும், ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்கிற ஆசிரியர்களுக்கானது. நான் அறிவியல் எடுப்பவன், அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கம் சாயும். கையிருப்பாக நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன், அதுவும் ஆசிரியருடையது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக்கூடாது. எல்லோர் கையிலும் டேப்லெட் இருப்பதாக எண்ணிக்கொண்டு பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் யோசனைகள் பாதி இந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

முதலில் செயலி வேண்டாம், சறுக்குகிற இடம் வேண்டும்

எந்தச் செயலியையும் இறக்குவதற்கு முன், சென்ற ஆண்டு விடைத்தாள்களை எடுத்து வையுங்கள். எந்தக் கேள்வியில் வகுப்பே ஒரே மாதிரி தப்பாக எழுதியிருக்கிறது? அதைப் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பருவத்துக்கு இப்படி மூன்று நான்கு இடம் கிடைத்தால் போதும். தொழில்நுட்பத்தை அங்கே மட்டும் வையுங்கள். மற்ற பாடங்களுக்குச் சாக்பீஸ் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் பட்டியலில் வருடா வருடம் முதலிடம் பிடிப்பது ஒன்பதாம் வகுப்பு இயக்கம். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், என்ன? பிள்ளைகள் 'சுழி' என்று எழுதுவார்கள். திசைவேகம் சுழியானால் முடுக்கமும் சுழி என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் எத்தனை முறை விளக்கினாலும் தலையை ஆட்டுவார்கள், பரீட்சையில் மறுபடி சுழி.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று சேர்ந்திசை வரும். அது பதிலே அல்ல என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதை அந்த நிமிடமே அறிய ஒரு வழி வேண்டும். நான் முதலில் பழகச் சொல்வது அதைத்தான்.

அட்டை தூக்குவது

பிளிக்கர்ஸ் என்று ஓர் இணையதளமும் அதற்கான போன் செயலியும் இருக்கின்றன. பிள்ளைகள் கையில் அச்சடித்த காகித அட்டை, உங்கள் கையில் போன், அவ்வளவுதான். ஒவ்வொரு அட்டையிலும் கறுப்புக் கட்டங்களால் ஒரு வடிவம், கியூஆர் கோடுக்குத் தம்பி மாதிரி. அதன் நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடியாக எழுதியிருக்கும். பி சரி என்று நினைக்கிற பிள்ளை, பி மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிப்பாள். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தினால் யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் விழும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த வடிவம் ஒவ்வொருவருக்கும் வேறு என்பது. பக்கத்து அட்டையை எட்டிப் பார்த்து அதே மாதிரி திருப்பினால் பயனில்லை, எழுத்தோ தூரத்திலிருந்து தெரியாத அளவுக்குச் சிறியது. காப்பியடிக்கவும் முடியாது, தப்பாகச் சொன்னோமே என்று கூசவும் வேண்டாம். வாயே திறக்காத பிள்ளையின் பதிலும் கணக்கில் வந்துவிடும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். கணினியில் அந்தத் தளத்துக்குப் போய் இலவசக் கணக்குத் தொடங்குங்கள். வகுப்பு ஒன்றை உருவாக்கிப் பிள்ளைகளின் பெயரை வருகைப்பதிவேட்டு வரிசையிலேயே ஏற்றுங்கள், தமிழிலேயே ஏற்றலாம். ஆளுக்கொரு எண் தானாக விழும், அதுதான் அட்டை எண். பிறகு அட்டைகளை இறக்கி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போடுங்கள். 40 அட்டை கொண்ட சாதாரணத் தொகுப்பில் ஏ4 தாளுக்கு 2 அட்டை வீதம் 20 தாள் வரும். போனில் அவர்களுடைய செயலியை ஏற்றி அதே கணக்கில் நுழையுங்கள்.

இனி, கையைச் சுட்டுக்கொண்டு நான் கற்ற சில விஷயங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். நான் ஆசையாகச் செய்தேன், டியூப்லைட் வெளிச்சம் பட்டு மினுங்கிப் பாதி அட்டை கேமராவுக்குத் தெரியவே இல்லை. பழைய நோட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டால் வருடம் முழுக்கத் தாங்கும். சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று படியுங்கள், வெளிச்சம் அட்டைமேல் விழவேண்டும். விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தால் படிக்காது, ஆகவே ஓரத்தைப் பிடிக்க முதல் நாளே பழக்கிவிடுங்கள். முதல் நாள் பாடக் கேள்வியும் கேட்காதீர்கள். "இட்லியா, பூரியா, பொங்கலா, தோசையா?" என்று கேளுங்கள். அட்டை பிடிப்பது அந்த ஒரு கேள்வியில் பழகிவிடும், பூரிக்கும் தோசைக்கும் நடக்கும் சண்டை தனி.

அட்டை படிக்கும் நேரத்தில் போனுக்கு நெட் வேண்டும். எங்கள் வகுப்பறையில் சன்னலோரம் மட்டும்தான் சிக்னல், நான் அங்கேயே நின்றுகொள்வேன். சுத்தமாக நெட் இல்லையென்றால்? ஒரு தாளை நான்காக மடித்து மடிப்புக்கு ஒன்றாக அ, ஆ, இ, ஈ என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். கேள்வி கேட்டதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே நேரத்தில் தூக்கவேண்டும். பதிவு நிற்காது, ஆனால் வகுப்பு எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சரி, அட்டை தயார். கேள்வி? ஒரு பாடவேளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. தப்பான விடைகளைக் கவனமாக எழுதுங்கள். ஒவ்வொரு தப்பு விடையும் பிள்ளைகள் நிஜமாகவே செய்கிற ஒரு பிழையாக இருக்கவேண்டும். பந்துக் கேள்விக்கு நான் வைத்தவை: ஏ, சுழி. பி, 9.8 மேல்நோக்கி. சி, 9.8 கீழ்நோக்கி. டி, எறிந்த வேகத்தைப் பொறுத்தது.

அன்று வந்திருந்தவர்கள் 38 பேர். சரியான விடையான சியைத் தூக்கியவர்கள் 14. முன்பெல்லாம் நானாக இருந்தால் உடனே விடையைச் சொல்லி விளக்கத் தொடங்கியிருப்பேன். இந்தத் தடவை சொல்லவில்லை. "பக்கத்துல இருக்கிறவங்க வேற விடை சொல்லியிருந்தா, உங்க விடைதான் சரின்னு அவங்களை ஒத்துக்க வைங்க. 3 நிமிஷம்" என்றேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் தன் வகுப்பில் நடைமுறைக்குக் கொண்டுவந்து பரப்பிய முறை. அவர் வழியில் கணக்கு இப்படி: 30 சதவீதத்துக்குக் குறைவானவர்கள் சரியாகச் சொன்னால் பாடத்தை மறுபடி எடு. 70ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகர்ந்துவிடு. இடைப்பட்டால் பிள்ளைகளையே பேச விடு.

வகுப்பு சந்தைக்கடையானது. எச்.எம். வராந்தாவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது பெஞ்சில் ஒருத்தி தன் தோழியிடம் கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது: "முடுக்கம் சுழின்னா அப்புறம் ஏன்டி கீழ விழுது? மேலயே தொங்கிக்கிட்டு நிக்கணும்ல?" இத்தனை வருடத்தில் இதைவிடச் சுருக்கமாக நான் இதை விளக்கியதில்லை. மறுபடி அட்டை தூக்கச் சொன்னேன். 31 பேர் சி.

ஒன்று சொல்லவேண்டும். இதை மதிப்பெண்ணாக்கிவிடாதீர்கள். "அட்டை மார்க் ரிப்போர்ட் கார்டுல வரும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அட்டையைத் திருப்புவதற்கு முன் நன்றாகப் படிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள்.

போனைக் கவிழ்த்து வைப்பது

அட்டை பழகிய பிறகு இரண்டாவது, மிக எளிது. செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டிக் காட்டும்போது முன்பெஞ்சு மட்டும்தான் பார்க்கும், மற்றவர்கள் தலைகளைப் பார்ப்பார்கள். மேசையில் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவே இரண்டு அளவுகோலைப் பாலமாக வைத்து, அதன்மேல் போனைக் கேமரா கீழே பார்க்கும்படி வையுங்கள். போன் திரையை டிவியிலோ ஸ்மார்ட் போர்டிலோ காட்டுங்கள். மகரந்தத்தாள் விரல் நீளத்தில் திரையில் நிற்கும்.

கம்பியில்லாமல் திரையைக் காட்டும் வசதி பெரும்பாலான போனில் உண்டு, போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தால் வேலை செய்யும். எங்களிடம் வைஃபை இல்லாததால் இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் சேர்ப்போம். அதுவும் சண்டித்தனம் செய்யும் என்பதால் கேபிள் ஒன்று பையில் இருப்பது நல்லது. வாங்குவதற்கு முன் உங்கள் போன் அந்தக் கேபிளில் படம் காட்டுகிற வகைதானா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். எல்லாப் போனும் காட்டாது.

இதே ஏற்பாட்டில் பிள்ளைகளின் கணக்கு நோட்டையும் காட்டலாம், பெயரை மறைத்துவிட்டு. "இதுல எந்த வரில வழி தப்பிப் போச்சு?" என்று கேட்டால் மற்றவர் தப்பைக் கண்டுபிடிக்க இருக்கும் சுறுசுறுப்பைச் சொல்லவே வேண்டாம். எங்கள் கணித டீச்சர் இதற்காகவே என்னிடமிருந்து அளவுகோலைக் கடன் வாங்கிப் போவார்.

கைதட்டி ஒலியின் வேகத்தை அளப்பது

அறிவியல் ஆசிரியர்களுக்கு மட்டும் இது. மற்றவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் வேடிக்கை பார்க்க வந்தால் வருத்தப்பட மாட்டீர்கள்.

ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2016இல் வெளியிட்டார்கள். போனுக்குள் ஏற்கெனவே இருக்கிற மைக், முடுக்கமானி, காந்தப்புல உணரி போன்றவற்றை அளவைக் கருவியாக்கிவிடும். ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம். அதில் அகூஸ்டிக் ஸ்டாப்வாட்ச் என்று ஒன்று: முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும்.

உங்கள் போனும் சக ஆசிரியர் ஒருவரின் போனும் தேவை. இரண்டிலும் அதைத் திறந்து மைதானத்தில் 5 மீட்டர் இடைவெளியில் ஸ்டூல்மேல் வையுங்கள். போனுக்கு ஒரு பிள்ளை. முதல் போன் அருகிலிருப்பவன் தட்டுகிறான். அவன் போன் உடனே ஓடும், எதிர்ப் போன் சத்தம் போய்ச் சேர்ந்த பிறகு ஓடும். பிறகு எதிர்ப்பக்கப் பிள்ளை தட்டுகிறாள். அவள் போன் உடனே நிற்கும், இவன் போன் சற்றுத் தாமதமாக நிற்கும். ஆக, இவன் போன் காட்டும் நேரம் கொஞ்சம் கூடுதல். அந்த வித்தியாசம், ஒலி போய்வர ஆன நேரம். 10 மீட்டரை அதனால் வகுத்தால் வேகம்.

முதல் தடவை எங்களுக்கு 0.024 விநாடி வந்தது. வகுத்தால் விநாடிக்கு 417 மீட்டர். புத்தகத்தில் 0 டிகிரியில் 331, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.61 கூட்டு என்று இருக்கிறது. அன்று வெயில் 33 டிகிரி, கிட்டத்தட்ட 351 வரவேண்டும். "செயலி தப்பு சார்" என்றான் ஒருவன். மறுபடி செய்து பார்த்தோம், அதே மாதிரிதான். மூன்றாவது தடவை நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் ஆர்வத்தில் போனுக்கு முன்னால் குனிந்து, கோட்டுக்கு உள்ளே கையை நீட்டித் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு முக்கால் முழம் உள்ளே வந்தால் 5 மீட்டர் என்பது 5 மீட்டராக இருக்காது. போனுக்குப் பின்னால் நின்று தட்டச் சொன்னேன். 0.029 வந்தது. 345.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு பெண், "0.028 வந்திருந்தா எவ்ளோ சார்?" என்றாள். 357. ஆயிரத்தில் ஒரு விநாடி பிசகினால் 12 மீட்டர் ஓடிவிடுகிறது. அப்போது என்ன செய்யலாம்? தூரத்தைக் கூட்டலாம் என்று அவர்களே சொன்னார்கள். 10 மீட்டரில் 0.057 வந்தது, வேகம் 351. அளவீட்டுப் பிழை என்ற பாடத்தை அந்த வருடம் நான் தனியாக எடுக்கவில்லை.

செய்வதற்கு முன் இரண்டு அமைப்பைச் சரிபாருங்கள். எவ்வளவு சத்தத்துக்குமேல் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது ஒன்று. அதை உயர்த்தி வைக்காவிட்டால் காக்கா கத்தினாலும் ஓடத் தொடங்கிவிடும், ரொம்ப உயர்த்தினால் தூரத்துக் கைதட்டல் கேட்காது. மற்றது, ஓடத் தொடங்கியபின் எவ்வளவு நேரத்துக்குக் காதை மூடிக்கொள்ளவேண்டும் என்பது. அது குறைவாக இருந்தால் அதே கைதட்டலின் எதிரொலியிலேயே நின்றுவிடும். கட்டடச் சுவரை விட்டுத் தள்ளி நிற்பதும் உதவும்.

கியூஆர் கோடு, மெய்நிகர் சோதனை, இன்ன பிற

2018இலிருந்து வந்த நம் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. வகுப்பில் வைத்து அதை ஸ்கேன் செய்யாதீர்கள், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் நாள் இரவு வீட்டில், அரசின் கல்விச் செயலியான தீக்ஷாவில் திறந்து பார்த்து, தேவையானதைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காணொளி 8 நிமிடம் என்றால் எந்த 2 நிமிடம் வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுதாக ஓடவிட்டால் கடைசி பெஞ்சு தூங்கும், நானும்.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தில், மின்சுற்று, ஊசல், அணு அமைப்பு என்று பிள்ளைகள் தாங்களே மாற்றிப் பார்க்கும் மாதிரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் மொழிபெயர்க்கப்பட்டவையும் உண்டு. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோனால் பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் நெட் இல்லாமலே உலாவியில் ஓடும். என் பிடிவாதம் ஒன்று: நிஜ பேட்டரி, நிஜ பல்பு, நிஜ வயரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் திரையில் மின்சுற்று. திரையில் பல்பு ஃபியூஸ் போவதில்லை, வயர் லூஸாவதும் இல்லை.

தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு சிறிய யோசனை. போனிலுள்ள வாய்ஸ் ரெக்கார்டரில் மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் வாசிப்பதைப் பதிந்து வையுங்கள். ஜூன் மாதத்துப் பதிவையும் டிசம்பர் பதிவையும் அடுத்தடுத்து அந்தப் பிள்ளைக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைவிட இது நன்றாகப் பேசும்.

வினாத்தாள் அடிக்க, கீபோர்டில் தமிழைத் தேர்ந்து மைக்கை அமுக்கிப் பேசினாலே தட்டச்சாகிவிடும். ல, ள, ழவிலும் ர, றவிலும் சறுக்கும், நிறுத்தக்குறிகளை நீங்கள்தான் போடவேண்டும். இப்படி வருவது யூனிகோடு எழுத்து என்பதால் எந்தக் கணினியிலும் திறக்கும். பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் கிறுக்கலாகத் தெரியும். பரீட்சை நாள் காலையில் அதைக் கண்டுபிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏஐ செயலிகளிடம் வினா கேட்டு வாங்குகிறவர்கள், கலைச்சொற்களை நம் பாடநூலோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் எப்போதும் 'உந்தம்' என்று எழுதவைத்திருப்பதை அது வேறு ஏதாவது பெயரில் கூப்பிடலாம்.

படம் எடுக்கிறவர்களுக்கு

பிள்ளைகளின் முகமும் குரலும் உங்கள் போனில் சேரத் தொடங்கும். அவற்றை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், ஆசிரியர் குழுவில் போடாதீர்கள். பதிவு எடுப்பதற்கே பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், எச்.எம்.மிடமும் சொல்லிவிடுங்கள். வருடக் கடைசியில் அழித்துவிடுங்கள். திரையைக் காட்டும்போது வாட்ஸ்அப் செய்தி மேலே வந்து குதிக்காமல் அறிவிப்புகளை அணைத்து வைப்பதும் முக்கியம். என் திரையில் ஒருமுறை 'வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க' என்று வந்தது. இரண்டு வாரத்துக்கு எனக்கு அதுதான் பட்டப்பெயர்.

எந்த வரிசையில் போவது என்று கேட்டால், முதல் மாதம் அட்டை மட்டும், அதுவும் ஒரே ஒரு வகுப்புக்கு. வாரம் இரண்டு கேள்வி. அட்டை கொடுத்து வாங்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் விட்டுவிடுங்கள், நீங்களே செய்தால் 5 நிமிடம் போய்விடும். எங்கள் வகுப்பில் அந்த வேலையைக் கேட்டு வாங்கியவன், அதுவரை எதற்கும் கை தூக்காத ஒருவன். 17ஆம் எண் அட்டை கிழிந்தபோது எனக்குத் தெரியாமல் தானே ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் புதிதாக எடுத்து, பழைய கணக்கு நோட்டின் அட்டையை வெட்டி ஒட்டிக் கொண்டுவந்திருந்தான். கடைக்காரர் சற்றே சிறிதாக்கி எடுத்துவிட்டார். இருந்தாலும் கேமரா படிக்கிறது.